எத்தனை வரி எழுதினே? - பொட்டி தட்டுறவங்களை அளந்த கதை

கொத்தனார் இன்னிக்கு எவ்வளவு வேலை செய்தார் என்று மேஸ்திரிக்குத் தெரியும். சாயங்காலம் சுவரைப் பார்த்தால் போதும். டெய்லருக்கு ஜாக்கெட் கணக்கு, பீடி சுத்துறவங்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பொட்டி தட்டுற நமக்கு எது கணக்கு? இந்தக் கேள்வி பொட்டி வந்த நாளிலிருந்தே இருக்கு. அறுபது வருஷமா ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லிட்டும் இருக்காங்க. சொன்னவங்க யாரும் சாதாரண ஆளுங்க இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு பதிலும் கடைசியில் யாரோ ஒரு அப்பாவியோட அப்ரைசல்ல போய் இடிச்சு நிக்குது. அந்தப் பதில்களோட வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

எல்லாருக்கும் பிடிச்ச கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1982-ன் ஆரம்பம். ஆப்பிள் கம்பெனியில் லிஸா என்ற கம்ப்யூட்டரைச் செஞ்சுக்கிட்டு இருக்காங்க. வெளியிடுற நாள் நெருங்க நெருங்க மேனேஜர்களுக்கு வயித்தைக் கலக்குது. எஞ்சினியர்கள் எல்லாரும் வாரா வாரம் ஒரு ஃபாரம் நிரப்பித் தரணும்னு உத்தரவு. அந்த ஃபாரத்தில் ஒரு கட்டம்: இந்த வாரம் எத்தனை வரி கோட் எழுதினீர்கள்? லிஸாவின் படம் வரையும் பகுதியான குவிக்டிராவை எழுதியவர் பில் அட்கின்சன். அந்த வாரம் பார்த்து அவர், ஒழுங்கில்லாத வடிவங்களைக் கணக்குப் போடும் பகுதியை முழுசா மாத்தி எழுதியிருந்தார். புது முறை எளிமையானது, வேகம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கூடவே சுமார் 2000 வரி கோட் மிச்சம். மனுஷன் கட்டத்தில் -2000 என்று எழுதிக் கொடுத்துட்டார். இன்னும் சில வாரத்தில் அவரிடம் ஃபாரம் கேக்கிறதை நிறுத்திட்டாங்க. இதை எழுதி வெச்சவர் கூட வேலை பார்த்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். அட்கின்சன் 2025 ஜூனில் காலமானபோது இந்தக் கதை மறுபடி ஒரு சுத்து சுத்தி வந்தது.

எல்லாரும் -2000-ஐப் பார்த்துச் சிரிப்பாங்க. எனக்கு உறுத்துறது கடைசி வரி. பில்லிடம் கேக்கிறதை நிறுத்தினாங்க என்றுதான் கதை சொல்லுது. ஃபாரமே ஒழிஞ்சதுன்னு சொல்லலை. அட்கின்சன் ஸ்டார் பிளேயர், அவர் எழுதிக் கொடுக்கலாம். அதே டீமில் புதுசா சேர்ந்த ஒரு பையன் -2000 எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? :-)

சரி, வரியை எண்ணலாம்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு? ஒரு ஆளைக் கை காட்ட முடியாது, ஆனா காரணம் புரியுது. அந்தக் காலத்தில் புரோகிராம் என்றால் ஓட்டை போட்ட அட்டைகள். ஒரு அட்டைக்கு ஒரு வரி, 80 எழுத்து. ஒரு பெட்டியில் 2000 அட்டை. புரோகிராமர் பெட்டியோடு நடந்து வர்றதைப் பார்த்தாலே எவ்வளவு "வேலை" ஆகியிருக்குன்னு தெரியும், கொத்தனார் சுவர் மாதிரி. (அட்கின்சன் ஒரு முழுப் பெட்டியைக் குப்பையில் கொட்டினதா வெச்சுக்கலாம்.) கண்ணுக்குத் தெரியிறதை எண்ணுறது மனுஷ சுபாவம்.

அதுக்கு முன்னாடி ஒரு தாத்தா இருக்கார். ஃபிரெடெரிக் டெய்லர். 1899-ல் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில், நாளைக்கு 12.5 டன் இரும்புக் கட்டி சுமந்துக்கிட்டு இருந்த ஆளை 47 டன் சுமக்க வெச்சேன்னு பெருமையா எழுதினவர். சம்பளம் 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர். கணக்கு பார்த்தா வேலை நாலு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி, கூலி ஒண்ணரை மடங்குக்குக் கொஞ்சம் மேல. நாம தினமும் பார்க்கிற டைம்ஷீட்டுக்கெல்லாம் மூதாதை இவர் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்தான். ஆனா ஒரு விஷயத்தில் டெய்லர் கொடுத்து வெச்சவர். இரும்புக் கட்டி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு வர்ற ஆணி ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கிறதில்லை.

இனி 1960-கள். கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா என்ற ஊரில் சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்று ஒரு நிறுவனம். அங்கே சாக்மேன், எரிக்சன், கிராண்ட் என்ற மூணு பேர் ஒரு சோதனை செஞ்சாங்க. அவங்க கேள்வி ரொம்ப சாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நேரடியா டைப் அடிச்சு பக் பிடிக்கிறது வேகமா, இல்லை அட்டையைக் கொடுத்துட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறது வேகமா? அனுபவமுள்ள 12 புரோகிராமர்களைக் கூப்பிட்டு ரெண்டு கணக்கு கொடுத்தாங்க. ஒண்ணு அல்ஜீப்ரா, இன்னொண்ணு புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்கிறது. 1968 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. நேரடி முறைதான் கொஞ்சம் வேகம்னு முடிவு. அதை இன்னிக்கு யாரும் ஞாபகம் வெச்சுக்கலை. ஞாபகம் இருக்கிறது, போகிற போக்கில் அவங்க சொன்ன இன்னொரு விஷயம். அல்ஜீப்ரா கணக்கில் பக் எல்லாம் எடுக்க ஒருத்தருக்கு 6 மணி நேரம் ஆச்சு, இன்னொருத்தருக்கு 170 மணி நேரம். அதாவது 28 மடங்கு.

இந்த 28 படுத்தின பாடு இருக்கே! 1975-ல் ஃபிரெட் புரூக்ஸ் தன்னுடைய புகழ்பெற்ற 'மிதிகல் மேன் மன்த்' புத்தகத்தில் இந்த ஆய்வைத்தான் ஆதாரமா எடுத்தார். அங்கிருந்து "நல்ல புரோகிராமர் பத்து ஆளுக்கு சமம்" என்ற பேச்சு கிளம்பி, இன்னிக்கும் 'டென் எக்ஸ்' என்ற பேரில் ஓடிக்கிட்டு இருக்கு. இன்டர்வியூ எடுக்கிறவங்க, ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறவங்க எல்லாருக்கும் இது வேதவாக்கு.

ஆனா மூலக் கட்டுரையைப் புரட்டினா கதை வேற. 6 மணியும் 170 மணியும் ஒரே மாதிரி நிலைமையில் எடுத்த நேரம் கிடையாது. சிலர் நேரடியா கம்ப்யூட்டரில், சிலர் அட்டை கொடுத்துட்டுக் காத்திருந்து. சிலர் உயர்மட்ட மொழியில் எழுதினாங்க, சிலர் மெஷின் லாங்குவேஜில். பஸ்ஸில் போனவரையும் நடந்து போனவரையும் ஒண்ணா நிறுத்தி "பாருங்க, இவர் 28 மடங்கு வேகமான மனுஷர்" என்று சொன்ன மாதிரி. தவிர, மொத்தமே 12 பேர். அதில் ரொம்ப நல்லவரையும் ரொம்ப மோசமானவரையும் மட்டும் எடுத்து வகுத்தா எந்தக் கூட்டத்திலும் பெரிய எண்தான் வரும். 1999-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்திலிருந்து லுட்ஸ் பிரெக்கெல்ட் என்பவர் இதுக்குன்னே ஒரு அறிக்கை எழுதி, 28 என்பது தப்பு, ஆளைக் குழப்புறதும்கூட என்று போட்டு உடைச்சார். அதுக்குள்ள முப்பது வருஷம் ஓடிப்போச்சு. புரோகிராமர்களுக்குள் வித்தியாசம் இல்லைன்னு நான் சொல்ல வரலை. இருக்கு, கூட வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அதே சோதனையில், அனுபவசாலிகள் விஷயத்தில் திறமைப் பரீட்சை மார்க்குக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லைன்னும் சொல்லியிருந்தாங்க. அதை மட்டும் யாரும் எடுத்துக் காட்டலை பாருங்க.

வரிக்கணக்குக்குத் திரும்புவோம். இதில் உள்ள பெரிய ஓட்டையைத் தெளிவா எழுதிக் காட்டினவர் ஐபிஎம்மில் இருந்த கேப்பர்ஸ் ஜோன்ஸ், 1978-ல். நானே ஒரு உதாரணம் சொல்றேன். சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் ஒண்ணு. அசெம்பிளரில் எழுதினா 1000 வரி, நாலு வாரம். கோபாலில் எழுதினா 300 வரி, ரெண்டு வாரம். வாரத்துக்கு எத்தனை வரி? அசெம்பிளர்காரர் 250, கோபால்காரர் 150. பாதி நேரத்தில் முடிச்சவர் சோம்பேறி, இழுத்தடிச்சவர் உழைப்பாளி! ஸ்பெக் எழுதுறது, டெஸ்ட் பண்றது மாதிரி வேலைகள் எந்த மொழியா இருந்தாலும் குறையாது. அதனால நல்ல மொழிக்கு மாறினா வரிக்கணக்கில் தண்டனைதான் கிடைக்கும்.

ஐபிஎம்மிலேயே ஆலன் ஆல்பிரெக்ட் என்பவர் 1979-ல் மாத்து யோசனை கொண்டு வந்தார். வரியை விடுங்க, பயன்படுத்துறவருக்கு என்ன கிடைக்குதுன்னு எண்ணுங்க. உள்ளே போற தகவல், வெளியே வர்ற ரிப்போர்ட், கேட்டுப் பார்க்கும் திரை, சேமிக்கிற ஃபைல், வேற சிஸ்டத்தோட தொடர்பு என்று அஞ்சு வகை. ஒவ்வொண்ணுக்கும் எளிது, நடுத்தரம், கஷ்டம்னு பார்த்து மதிப்பெண். இதுதான் ஃபங்ஷன் பாயிண்ட். உண்மையிலேயே நல்ல யோசனை. ரெண்டு மொழி, ரெண்டு ப்ராஜெக்ட் இதையெல்லாம் ஒப்பிட முடிஞ்சது. ஆனா இது ப்ராஜெக்ட்டை அளக்கிற முழக்கோல். ஒரு டீமுக்குள் யார் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்டா அதுகிட்ட பதில் இல்லை. இருந்தும் எங்கெல்லாமோ ஆள் வாரியா பிரிச்சாங்க.

வரி எண்ணும் ஐபிஎம் பழக்கம் அதோட நிக்கலை. 1980-களில் ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஓஎஸ்/2 செஞ்சபோது, ஆயிரம் வரி என்பதை ஒரு அலகா வெச்சு 'கே-லாக்' கணக்குப் பார்ப்பாங்களாம். எங்க ஆளு அதே வேலையைக் கம்மி வரியில் முடிச்சா எங்களுக்குக் கம்மி காசா என்று ஸ்டீவ் பால்மர் 1996-ல் ஒரு டாக்குமென்டரியில் பொருமித் தள்ளியிருப்பார். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1988-லேயே இதைச் சுருக்கமா சொல்லிட்டார்: வரி என்பது நாம சம்பாதிச்சது இல்லை, செலவழிச்சது. கணக்குப் புத்தகத்தில் தப்பான பக்கத்தில் எழுதிக்கிட்டு இருக்கீங்க என்று.

எண்ண ஆரம்பிச்சா என்ன ஆகும்னு சோதிச்சே பார்த்திருக்காங்க. 1974-ல் ஜெரால்ட் வைன்பெர்க், ஷுல்மேன் ரெண்டு பேரும் அஞ்சு டீமுக்கு ஒரே புரோகிராமைக் கொடுத்து, ஒவ்வொரு டீமிடமும் வேற வேற விஷயத்தில் கவனம் வைக்கச் சொன்னாங்க. ஒரு டீமிடம் மெமரி கம்மியா இருக்கணும், இன்னொண்ணுகிட்ட அவுட்புட் தெளிவா இருக்கணும், மூணாவதுகிட்ட கோட் படிக்க எளிதா இருக்கணும், அடுத்ததுகிட்ட வரி குறைவா இருக்கணும், கடைசி டீமிடம் சீக்கிரம் முடிக்கணும். முடிவில், அஞ்சில் நாலு டீம் தன்கிட்ட கேட்ட விஷயத்தில் முதலிடம். மிச்ச ஒண்ணு ரெண்டாமிடம். எல்லா விஷயத்திலும் நல்லா செஞ்ச டீம் எதுவும் இல்லை. அதாவது நம்மாளுங்க கேட்டதைக் கொடுப்பாங்க. கேக்காததுதான் அடி வாங்கும். 1995-ல் வந்த ஒரு டில்பெர்ட் கார்ட்டூன் பலருக்கு ஞாபகம் இருக்கும்: பக் சரி பண்ணா காசு என்று பாஸ் சொன்னதும், ஒருத்தர் புதுசா ஒரு வேனே எழுதி வாங்கிடறேன்னு கிளம்புவார். அப்போ சிரிச்சோம். அப்புறம் கம்பெனிக்குப் போய்ப் பார்த்தா டாக்குமென்டரி ஃபிலிம்.

இப்போ நான் ரொம்ப மதிக்கிற ஒரு ஆய்வு. டாம் டிமார்கோ, டிம் லிஸ்டர் ரெண்டு பேரும் 1984-லிருந்து 1986 வரை 'கோடிங் வார் கேம்ஸ்' என்று ஒரு போட்டி நடத்தினாங்க. 92 கம்பெனி, 600 பேருக்கு மேல். ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ரெண்டு ரெண்டு பேரா வரணும், ஆனா சேர்ந்து வேலை பார்க்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே ஸ்பெக். அவங்கவங்க ஆபீஸில், அவங்கவங்க மேஜையில், வழக்கமான மொழியில் எழுதி, எடுத்த நேரத்தைக் குறிச்சுத் தரணும். நல்லவருக்கும் மோசமானவருக்கும் நடுவில் பத்து மடங்கு வித்தியாசம் இங்கேயும் வந்தது. ஆனா அவங்க அதோட விடலை. வித்தியாசம் எதனால வருதுன்னு தோண்டினாங்க. மொழி காரணமில்லை. பத்து வருஷ அனுபவமும் ரெண்டு வருஷ அனுபவமும் ஒண்ணுதான். சம்பளத்துக்கும் வேகத்துக்கும் பெரிசா சம்பந்தமில்லை (இதை உங்க டேமேஜரிடம் காட்டாதீங்க).

அப்ப எதுதான் காரணம்? ஒரே கம்பெனியிலிருந்து வந்த ஜோடியை எடுத்துப் பார்த்தா, ரெண்டு பேருக்கும் சராசரி வித்தியாசம் 21 சதவீதம்தான்! ஒருத்தர் நல்லா செஞ்சா கூட வந்தவரும் நல்லா செஞ்சிருந்தார். ஆபீஸ் எப்படியோ ஆள் அப்படி. போட்டியில் முதல் கால்வாசி இடம் பிடிச்சவங்களுக்கு ஆளுக்கு 78 சதுர அடி இடம், கடைசி கால்வாசிக்கு 46. என் இடம் ஓரளவு அமைதியா இருக்குன்னு சொன்னவங்க மேலே 57 சதவீதம், கீழே 29. தேவையில்லாம வந்து தொந்தரவு பண்றாங்கன்னு சொன்னவங்க மேலே 38, கீழே 76. 1987-ல் வெளிவந்த 'பீப்பிள்வேர்' புத்தகத்தில் இதெல்லாம் இருக்கு. நல்லவங்களுக்குத்தான் நல்ல ரூம் கிடைக்கும், அதனால காரணத்தையும் விளைவையும் மாத்திப் போட்டுட்டாங்கன்னு வாதம் பண்ணலாம். பண்ணியிருக்காங்க. இருந்தாலும், ஆளை அளக்கிறதா நினைச்சு நாம அளக்கிறது பாதி அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத்தான் என்ற சந்தேகம் எனக்கு அந்தப் புத்தகம் படிச்ச நாளிலிருந்து போகலை.

இந்த டிமார்கோவேதான் 1982-ல், அளக்க முடியாததைக் கட்டுப்படுத்த முடியாது என்று எழுதினவர். அந்த வரியைக் கம்பெனி கம்பெனியா ஸ்லைடில் போட்டாங்க. 2009-ல் அவரே, நான் அப்படிச் சொன்னது சரிதானான்னு இப்ப சந்தேகமா இருக்குன்னு பகிரங்கமா எழுதினார். இந்த ரெண்டாவது கட்டுரையை ஸ்லைடில் நான் இன்னும் பார்க்கலை.

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஐபிஎம்மில் 27 வருஷம் இருந்துட்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் நிறுவனத்துக்கு வந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி என்பவர்தான் சிஎம்எம் என்பதற்கு மூலவர். லெவல் 5, லெவல் 5 என்று 1990-களின் கடைசியில் இந்தியக் கம்பெனிகள் எல்லாம் பேனர் கட்டினாங்களே, அதே சிஎம்எம். 2000-ல் சென்னையில் அவர் பேரிலேயே ஒரு தர நிறுவனம்கூடத் தொடங்கினாங்க. ஹம்ஃப்ரி சும்மா உபதேசம் பண்றவர் இல்லை. தனி ஆளுக்கு இந்த முறை ஒத்துவருமான்னு பார்க்க, மூணு வருஷம் தானே உட்கார்ந்து 62 சின்ன புரோகிராம் எழுதி, ஒவ்வொரு நிமிஷத்தையும் ஒவ்வொரு தப்பையும் குறிச்சு வெச்சார். 1995-ல் அதைப் புத்தகமா போட்டார். அதில் அவர் பிடிவாதமா சொன்ன ஒரு விஷயம்: இந்தக் கணக்கு எஞ்சினியரோட சொந்தச் சொத்து. மேனேஜர் இதை வெச்சு ஆளை எடை போடக் கூடாது. போட்டா அடுத்த நாளே எல்லாரும் பொய்க் கணக்கு எழுத ஆரம்பிச்சிடுவாங்க.

பாதி முறையை மட்டும் எடுத்துக்கிட்டு இந்த நிபந்தனையை விட்டுட்டாங்க பல இடத்தில். நான் முதல்ல வேலை பார்த்த கம்பெனியில் ரிவ்யூவில் கண்டுபிடிக்கிற தப்பை எழுதினவர் கணக்கில் ஏத்துவாங்க. விளைவு, ரிவ்யூ எல்லாம் டீக்கடையில் வாய்மொழியா நடந்து, சிஸ்டத்தில் தப்பே இல்லாத ரிப்போர்ட் ஏறும். தரம் உயர்ந்துவிட்டது என்று க்ராஃப் போட்டுக் காட்டினாங்க. கை தட்டினோம்.

டீமுக்குள்ளேயே ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிடுற முறையும் உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் பிரபலமாக்கின 20-70-10. மேலே இருக்கிற 20 சதவீதத்துக்கு மாலை, கீழே இருக்கிற பத்துக்கு வாசல். மைக்ரோசாஃப்ட்டிலும் இந்த மாதிரி கட்டாய வரிசை இருந்தது. பத்து பேரும் கில்லாடியா இருந்தாலும் ஒருத்தர் கீழே போயே ஆகணும். அதனால கெட்டிக்காரங்க இன்னொரு கெட்டிக்காரர் இருக்கிற டீமுக்குப் போகவே தயங்கினாங்கன்னு 2012-ல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகையில் விரிவா எழுதினாங்க. 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. அவங்க விட்டதை நம்மாளுங்க சிலர் இன்னும் பத்திரமா வெச்சிருக்காங்க.

அடுத்து ஸ்டோரி பாயிண்ட். 1990-களின் பிற்பகுதியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் கூட்டத்தில், வேலை எவ்வளவு பெரிசுன்னு டீமே தோராயமா சொல்லிக்க வந்த சமாசாரம். அடுத்த ரெண்டு வாரத்துக்கு எவ்வளவு ஏத்துக்கலாம்னு தெரிஞ்சுக்க மட்டும். அது போன இடம் தெரியுமில்ல? ரான் ஜெஃப்ரீஸ், அதை ஒருவேளை நான்தான் கண்டுபிடிச்சிருப்பேன், அப்படின்னா இப்ப வருத்தப்படுறேன் என்கிற மாதிரி 2019-ல் எழுதிட்டார்.

2023 செப்டம்பரில் டேன் நார்த் எழுதின கதை இதுக்கு நல்ல சாட்சி. ஒரு பெரிய பேங்க்குக்கு வேலை பார்த்த டீம். ஆள் வாரியா ஸ்டோரி பாயிண்ட் எண்ணுறாங்க. ஒரு டெவலப்பருக்கு வாரா வாரம் பூஜ்யம். கம்மி இல்லை, சுத்த பூஜ்யம். மேனேஜர் அவரை அனுப்பிடலாம்னு சொல்றார். நார்த் மாட்டேன்னுட்டார். ஏன்னா அந்த மனுஷர் தன் பேரில் எந்த வேலையும் எடுத்துக்கிறதே இல்லை. நாள் முழுக்க யார் பக்கத்திலாவது உட்கார்ந்து அவங்க வேலையை அவங்களோட சேர்ந்து செய்வார். சின்னவங்ககூட உட்கார்ந்தா பொறுமையா வழி காட்டுவார், பெரியவங்ககூட உட்கார்ந்தா புதுசா யோசிக்க வைப்பார். அவர் இருந்ததால மொத்த டீமும் வேகமா ஓடிச்சு. கடைசியில் அவரை வெச்சுக்கிட்டு, ஆள் கணக்கைத்தான் விட்டாங்க.

இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்தது. என் டீமில் ஒரு அக்கா இருந்தாங்க. பேர் வேண்டாம். நான் சேர்ந்து ஒண்ணரை வருஷம் ஆன சமயம். அந்த வருஷம் மூடின டிக்கெட் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ரேட்டிங்னு ஆச்சு. லிஸ்ட் வந்தது. என் பேரில் 43, அவங்க பேரில் 11. எனக்கு நல்ல ரேட்டிங், அவங்களுக்குக் கடைசி. எனக்கு முகத்தைப் பார்க்கவே சங்கடம். அவங்கதான் கேன்டீன்ல கூப்பிட்டுப் பேசினாங்க. "என் பேர்ல பதினொண்ணுதானாம்டா. உன் பேர்ல இருக்கிறதுல பாதி என் சீட்டுல உக்காந்து போட்டதுதானே?" சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நான் மேனேஜர்கிட்ட போய் இதைச் சொன்னேன். "தெரியும்ப்பா, ஆனா ஷீட்ல அதுக்குக் காலம் இல்லையே" என்றார். நல்ல மனுஷர்தான் அவரும். மூணு மாசத்தில் அக்கா பேப்பர் போட்டுட்டாங்க. ஹோம் லோன் வாங்கியிருந்த நேரம் அது அவங்களுக்கு.

இப்போ அந்த ஷீட் என் கைக்கு வந்திருக்கு. ஆறு பேர், ஒண்ணு முதல் ஆறு வரை வரிசைப்படுத்தித் தரணும். எண்ணிக்கை எதையும் நான் பார்க்கிறதில்லைன்னு சொன்னா பொய். பார்க்கிறேன், ஆனா கேள்வி கேக்கத்தான். ஒருத்தர் கணக்கு கம்மியா இருந்தா அந்த மாசம் அவர் யாரோட பிரச்சனையில் மாட்டியிருந்தார்னு தேடுவேன். ஆறு பேரிடமும் தனித்தனியா ஒரே கேள்வி: சிக்கிக்கிட்டா யார்கிட்ட போறீங்க? பதில்கள் ரெண்டு பேர் மேலே குவியும். அந்த ரெண்டு பேரும் டிக்கெட் கணக்கில் முதலிடத்தில் இல்லை. இந்த முறையிலும் கோளாறு இருக்கு. கலகலன்னு பேசுறவங்களுக்கு ஓட்டு விழும், வாயே திறக்காம ராத்திரி வேலையை முடிக்கிறவர் தெரியமாட்டார். அதனால ஒவ்வொருத்தர் எழுதின கோடையும் உட்கார்ந்து படிக்கிறேன். நேரம் ஆகுது. ஆறு பேருக்கு முடியுது, அறுபது பேர் இருந்தா எப்படின்னு கேட்டா, ஒருத்தரே அறுபது பேருக்கு ரேட்டிங் போடக் கூடாதுன்னுதான் சொல்வேன்.

ஆராய்ச்சிக்காரங்களும் சுத்தி சுத்தி டீம் பக்கம்தான் வந்து நிக்கிறாங்க. 2018-ல் நிக்கோல் ஃபோர்ஸ்கிரென் குழு 'ஆக்ஸிலரேட்' புத்தகத்தில் நாலு அளவுகளை வெச்சாங்க: எத்தனை தடவை வெளியிடுறீங்க, மாத்தின கோட் பயனரிடம் போக எவ்வளவு நேரம், அதில் எத்தனை சொதப்புது, சொதப்பினா எழுந்து நிக்க எவ்வளவு நேரம். நாலிலும் தனி ஆள் பேர் வராது. 2021-ல் அவங்களே வேறு சிலரோடு சேர்ந்து, ஒரே எண்ணில் இதை அடக்கவே முடியாதுன்னு இன்னொரு கட்டுரையும் எழுதினாங்க. 2023 ஆகஸ்டில் மெக்கின்ஸி, முடியும் என்று கிளம்பினாங்க, ஆள் வாரியா பங்களிப்பு பார்க்கிறதும் சேர்த்து. கென்ட் பெக்கும் கெர்கெலி ஓரோஸும் உடனே பதில் எழுதினாங்க. நார்த்தின் பூஜ்யக்காரர் கதையும் அந்தச் சூட்டில் வந்ததுதான்.

இத்தனைக்கும் அப்புறம் வரிக்கணக்கு செத்துப்போச்சுன்னு நினைச்சா, ஏஐ வந்து எழுப்பி உட்கார வெச்சிருச்சு. 2024 அக்டோபரில் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, எங்க புதுக் கோடில் கால்வாசிக்கு மேல ஏஐ எழுதினது, எஞ்சினியர்கள் சரிபார்த்து ஏத்துக்கிறாங்க என்றார். கால்வாசின்னா எதில் கால்வாசி? மறுபடி அட்டைப் பெட்டிதான். 2025 ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வுக்குழு நிஜமாவே கடிகாரம் வெச்சுப் பார்த்தது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள், அவங்களுக்கு நல்லாப் பழகின ப்ராஜெக்ட்கள், 246 வேலைகள். எதில் ஏஐ பயன்படுத்தலாம், எதில் கூடாதுன்னு சீட்டுக் குலுக்கிற மாதிரி பிரிச்சாங்க. ஆரம்பிக்கும்போது, ஏஐ இருந்தா 24 சதவீதம் நேரம் மிச்சமாகும்னு அவங்க கணிப்பு. எல்லாம் முடிஞ்ச பிறகு கேட்டப்ப, 20 சதவீதம் மிச்சமாச்சுன்னு சொன்னாங்க. கடிகாரம் காட்டினது 19 சதவீதம் கூடுதல் நேரம்.

16 பேர்தான், அதுவும் அந்த வருஷத்து கருவிகள், அதனால இதை வெச்சும் யாரும் ஸ்லைடு போட்டுடாதீங்க. ஃபங்ஷன் பாயிண்ட் எண்ணுற வித்தையைத் தனியா எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆணி கொஞ்சம் குறையட்டும். உங்க ஆபீஸ்ல எதை எண்ணுறாங்கன்னு சொல்லுங்க, கம்பெனி பேர் வேண்டாம்.